அப்பாவின் இதயத்தில் சத்தம் குறைந்திருக்கிறது என்கிறார்கள், இது நல்ல செய்திதானா?

தஞ்சை_மகள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 71 வயது. நான்கு வருடங்களுக்கு முன்பு கண்புரை அறுவைக்காக உடல் தகுதி பார்த்தபோது, எங்கள் ஊர் டாக்டர் நெஞ்சில் ஸ்டெத் வைத்ததுமே முகம் மாறினார். "மர்மர் பலமாகக் கேட்கிறது, அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருக்கும், எக்கோ எடுங்கள்" என்றார். மர்மர் என்றால் ரத்தம் ஓடும்போது கேட்கும் இரைச்சல், அயோர்ட்டிக் வால்வு என்பது இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல், எக்கோ என்பது இதயத்தின் ஸ்கேன் என்று பிறகுதான் புரிந்துகொண்டோம். எக்கோவில் நடுத்தரச் சுருக்கம் என்று வந்தது. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னார்கள். கடைசி இரண்டு வருடம் நாங்கள் போகவில்லை, அது எங்கள் தப்புதான்.

போன வாரம் காய்ச்சலுக்காக வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் கேட்டுப் பார்த்துவிட்டு "லேசான மர்மர்தான் இருக்கிறது" என்றார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மா புன்னைநல்லூர் போய் மாவிளக்கே போட்டுவிட்டு வந்துவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. அப்பா வயலுக்கு நடக்கும்போது பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறார். போன மாதம் ஒருநாள் மோட்டார் கொட்டகை முன்னால் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். சத்தம் குறைந்தால் நோயும் குறைந்தது என்றுதானே அர்த்தம்? பிறகு ஏன் இந்த மூச்சுத் திணறல்?

ஓய்வு_மருத்துவர்

அம்மா, உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு. சத்தம் குறைந்தால் நோய் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. அயோர்ட்டிக் வால்வு சுருக்கத்தில் பல நேரம் அதற்கு நேர்மாறாகத்தான் இருக்கும்.

நீங்கள் டெல்டாக்காரர், மதகு பார்த்திருப்பீர்கள். ஏரி நிறைந்து நிற்கும்போது ஷட்டரை ஒரு சாண் மட்டும் தூக்கினால் தண்ணீர் எப்படிச் சீறும்? அதே ஏரி வற்றி அடிமட்டத்துக்கு வந்த பிறகு, அதே ஷட்டர், அதே ஒரு சாண் இடுக்கு, சலசலப்புகூட இருக்காது. ஷட்டர் சரியாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம், பின்னாலிருந்து தள்ளுகிற தண்ணீர் குறைந்துவிட்டது என்றுதான் சொல்வோம். இதயமும் அப்படித்தான். சுருங்கிய வால்வு வழியாக ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இடது கீழறைத் தசை களைத்துப் போனால், வேகம் குறையும், மர்மரும் அடங்கும். வால்வு அப்படியேதான் இருக்கும், இன்னும் மோசமாகவும் ஆகியிருக்கலாம்.

மர்மர் அடங்கிக் கேட்பதற்கு வேறு சாதாரணக் காரணங்களும் உண்டு. நுரையீரல் காற்றடைத்து உப்பியிருந்தால், உடல் பருமனாக இருந்தால், கூட்டம் நெரியும் ஓபியில் அவசரமாகக் கேட்டிருந்தால், சத்தம் குறைவாகத்தான் தெரியும். அதனால் அந்த டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் நீங்கள் எழுதியதில் என்னைக் கவலைப்படுத்துவது மர்மர் இல்லை. நடந்தால் மூச்சு வாங்குவது, கண் இருட்டுவது. இந்த வால்வு சுருங்கியவருக்கு மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயக்கம் இவற்றில் ஒன்று தொடங்கிவிட்டால் அது காத்திருக்கும் நேரம் இல்லை. இந்த வாரமே இதய மருத்துவரிடம் காட்டி எக்கோ எடுங்கள். அதுவரை வயல் வேலை, படி ஏறுதல் வேண்டாம். வீட்டில் மாத்திரைகளை நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். திரும்பவும் மயங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

தஞ்சை_மகள்

ஐயா, படித்ததும் கை நடுங்கிவிட்டது. நாளைக்கே நேரம் வாங்குகிறேன். மிக்க நன்றி.

மூன்றாமாண்டு

வணக்கம் சார். நான் எம்பிபிஎஸ் மூன்றாம் வருடம். அக்காவின் கேள்வியோடு என் சந்தேகத்தையும் சேர்க்கலாமா? வார்டில் எல்லோரும் "கேட்குதா, கேட்குதா" என்கிறார்கள். எனக்கு லப்-டப் தவிர எதுவும் காதில் விழுவதில்லை. போன வாரம் மைட்ரல் சுருக்கம், அதாவது இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு சுருங்கும் நோய் உள்ள ஒரு அம்மாவை நானும் கேட்டேன். ஒன்றுமே புரியவில்லை. காதில் கோளாறோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வு_மருத்துவர்

தம்பி, காதில் கோளாறு இல்லை. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கப் பார்ப்பதுதான் சிக்கல். ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நான் முதலில் லப்பை மட்டும் கேட்பேன். அப்புறம் டப்பை மட்டும். அதற்குப் பிறகுதான் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிகள். ஒரு கையின் விரலைக் கழுத்து நாடியில் வைத்துக்கொள். நாடி எழும்பும்போது கேட்பது லப். இதைச் செய்யாமல் மர்மர் எந்த இடைவெளியில் விழுகிறது என்று முடிவு செய்யாதே, துடிப்பு வேகமாக இருந்தால் மூத்தவர்களே ஏமாந்து போவார்கள்.

லப் என்பது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல், டிரைகஸ்பிட் வால்வுகள் மூடும் நேரம். டப் என்பது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள அயோர்ட்டிக், பல்மனரி வால்வுகள் மூடும் நேரம். இதழோடு இதழ் அடித்துக்கொள்வது மட்டும் சத்தம் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ரத்தம் சட்டென்று தடுக்கப்பட்டு, வால்வும் சுவரும் சேர்ந்து அதிர்வதுதான் நம் காதுக்கு வருகிறது. இது தெரியவே மனிதர்களுக்கு நாளாயிற்று. 1816இல் பாரிஸில் காகிதச் சுருளை நெஞ்சில் வைத்துக் கேட்ட லென்னெக், ஸ்டெதஸ்கோப்பையே தந்தவர், இரண்டாவது சத்தம் மேலறை சுருங்குவதால் வருகிறது என்றுதான் நினைத்தார். அவருக்கே குழப்பம் என்றால் மூன்றாம் வருடத்தில் உனக்கு வராமலா இருக்கும்?

இனி அந்த அம்மாவின் மைட்ரல் சுருக்கத்துக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த நோய் ஒலி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

சாதாரண இதயத்தில் கீழறை நிரம்பி முடியும் நேரத்தில் மைட்ரல் இதழ்கள் பாதி மூடியே வந்துவிடும். பிறகு கீழறை சுருங்கும்போது மெதுவாகச் சேரும். ஒருக்களித்த கதவைச் சாத்துவது போல. சுருங்கிய வால்வில் மேலறையில் அழுத்தம் தேங்கி நிற்பதால், கடைசி நொடி வரை இதழ்கள் விரிந்தே இருக்கும். அப்போது கீழறை ஓங்கி அடிக்க, ஆடிக் காற்றில் முழுதாகத் திறந்த கதவு அறைவது போல மூடும். அதனால்தான் லப் அவ்வளவு பலமாகக் கேட்கிறது. கையை வைத்தாலே நெஞ்சில் தட்டுவது தெரியும்.

டப்புக்குப் பிறகு, ஒரு மூச்சு அளவுகூட இல்லை, அதற்குள் ஒரு 'டக்'. ஒட்டிப்போன இதழ்கள் திறக்க முயன்று பாய் விரித்தது போல விறைத்து நிற்கும் சத்தம் அது. டப்புக்கும் இந்த டக்குக்கும் உள்ள இடைவெளியைக் கவனி. மேலறை அழுத்தம் கூடக் கூட வால்வு சீக்கிரம் திறக்கும், டக் டப்பை நெருங்கி வரும். அதாவது இடைவெளி குறுகக் குறுகச் சுருக்கம் அதிகம். மர்மரின் பலத்தை விட எனக்கு இது பல மடங்கு சொல்லும்.

அதற்குப் பிறகு உருளும் மர்மர். மழைக்கு முன்னால் தூரத்தில் இடி உருளுமே, அந்த மாதிரி, மிகத் தாழ்ந்த சுருதி. இதை ஸ்டெத்தின் தட்டையான டயஃப்ரம் பக்கம் வைத்துத் தேடினால் கிடைக்காது, குழிவான பெல் பக்கம் வை. மிருதங்கத்தில் தொப்பி பேசுவதை வலந்தலையில் தேடக்கூடாது, அவ்வளவுதான். பெல்லை அழுத்தவும் கூடாது. அழுத்தினால் அடியில் இருக்கும் தோலே டயஃப்ரமாகிவிடும், தாழ்ந்த ஒலி போய்விடும். அந்த அம்மாவை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல், துடிப்பு தட்டும் இடத்தில் மெல்ல வை. கிடைக்கவில்லை என்றால் படுக்கையிலேயே நாலைந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லிவிட்டு உடனே கேள்.

நாடி சீராக இருந்தால் மர்மர் லப்புக்குச் சற்று முன் ஒருமுறை பெருக்கும், மேலறை சுருங்கி மிச்ச ரத்தத்தைத் தள்ளுவதால். மேலறை நடுக்கம் வந்து நாடி தாறுமாறானால் பெரும்பாலும் அந்தக் கடைசிப் பெருக்கு போய்விடும். வால்வில் சுண்ணாம்பு ஏறிக் கல்லாகிவிட்டால் பலமான லப்பும் போகும், டக்கும் போகும். பார், இங்கேயும் அதே கதைதான். சத்தங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன, வால்வோ கெட்டுக்கொண்டே போகிறது.

மூன்றாமாண்டு

சார், இன்று மாலை வார்டுக்குப் போனேன். அந்த அம்மாவிடம் அனுமதி கேட்டு, ஒருக்களிக்கச் சொல்லி, பெல்லை மெல்ல வைத்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கேட்டது சார். முதலில் டக், அப்புறம் அந்த உருளல். கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த அம்மா "என்னப்பா, ரொம்ப மோசமா இருக்கா?" என்று பயந்துவிட்டார்கள். இல்லம்மா, எனக்கு இப்பத்தான் கேட்கத் தெரிஞ்சுது என்று சொல்லிச் சமாதானப்படுத்தினேன்.

கடலூர்_காற்று

எல்லாம் அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எக்கோ இருக்கும்போது காதை நம்பி ஏன் நேரம் போக்க வேண்டும்? 2007இல் வெளிவந்த ஒரு ஆய்வில் கம்போடியா, மொசாம்பிக் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு விதமாகவும் பரிசோதித்தார்கள். ஸ்டெத்தை நம்பித் தேடியபோது ஆயிரத்தில் ஏறக்குறைய 2 பேருக்கு ருமாட்டிக் இதய நோய், அதாவது தொண்டைக் கிருமிக்குப் பின்னால் வரும் வால்வு நோய். எல்லோருக்கும் எக்கோ வைத்துப் பார்த்தபோது கம்போடியாவில் ஆயிரத்துக்கு 21க்கு மேல், மொசாம்பிக்கில் 30. பத்து மடங்கு வித்தியாசம். காது தவறவிட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

ஓய்வு_மருத்துவர்

நீங்கள் சொன்ன ஆய்வு சரி, அந்த எண்களை நான் மறுக்கவில்லை. ஆரம்பநிலை வால்வு நோயைக் காது தவறவிடும். எக்கோவைத் தள்ளி வைக்கச் சொல்பவன் நான் இல்லை. ஆனால் யாருக்கு எக்கோ எடுக்க வேண்டும், எவ்வளவு அவசரம் என்ற முதல் சந்தேகம் பெரும்பாலும் காதிலிருந்துதான் பிறக்கிறது. தஞ்சை மகளின் அப்பாவுக்குக் கண்புரைக்காகப் போன இடத்தில் நோய் பிடிபட்டது ஒரு ஸ்டெத்தால்தானே?

இன்னொன்று. சத்தம் பெரிதாக இருந்தால் பெரிய நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. மாரடைப்பு வந்த சிலருக்கு மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மைட்ரல் வால்வைப் பிடித்திருக்கும் தசை அறுந்து, ரத்தம் மொத்தமாக மேலறைக்குத் திரும்பி அடிக்கும். நுரையீரலில் நீர் கோத்து நோயாளி மூச்சுக்குப் போராடுவார். மர்மரோ சின்னதாக, அரைகுறையாக இருக்கும், சில சமயம் கேட்கவே கேட்காது. இரண்டு அறைகளின் அழுத்தமும் சட்டென்று சமமாகிவிடுவதால் சீறுவதற்கு வேகம் இல்லை. இதற்கு எதிர்ப்பக்கம், கீழறைகளுக்கு நடுச் சுவரில் பிறவியிலேயே ஒரு சிறு ஓட்டை உள்ள குழந்தை. வால்வு நோய் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். நெஞ்சே அதிரும் மர்மர், குழந்தை ஓடி விளையாடும், பல பேருக்கு அந்த ஓட்டை தானாகவே மூடிவிடும்.

கடலூர்_காற்று

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா. சத்தத்தின் அளவை மட்டும் வைத்து முடிவெடுக்கிறவர்களைத்தான் சொல்ல வந்தேன். என் தங்கை மகளுக்கு அப்படி ஒருமுறை நடந்தது. மர்மர் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள், ஆறு மாதம் அவளை ஓட விடாமல் வைத்திருந்தோம். கடைசியில் ரத்தசோகை.

வார்டு_அக்கா

செவிலியராக 22 வருடம் வேலை பார்க்கிறேன், முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், இப்போது பெரிய ஆஸ்பத்திரி. ரத்தசோகை, காய்ச்சல், கர்ப்பம் எல்லாவற்றிலும் ரத்தம் வேகமாக ஓடுவதால் லேசான மர்மர் கேட்கலாம். வளரும் பிள்ளைகளிலும் ஒன்றுமில்லாத மர்மர் நிறைய. அதைக் கேட்டதும் பெற்றோர் அழ வேண்டாம், ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் கர்ப்பிணிக்கு ஐந்து, ஆறு மாதத்தில் மூச்சு வாங்கினால் 'வயிறு பெரிசாச்சு, அதான்' என்று விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் உடம்பில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி கூடிவிடும். அதுவரை சத்தமே காட்டாமல் இருந்த மைட்ரல் சுருக்கம் அப்போதுதான் வெளியே வரும். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தபடியே தூங்கிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல வேளையாக பலூன் சிகிச்சை இருக்கிறது. தொடை வழியாகக் கம்பி விட்டு, ஒட்டிய வால்வை பலூனால் விரிப்பார்கள். ஜப்பானிய மருத்துவர் இனோவே கொண்டுவந்த முறை. கர்ப்பிணிக்கும் தேவைப்பட்டால் செய்கிறார்கள்.

இந்த மைட்ரல் சுருக்கத்தின் வேர் எங்கே என்று கேட்டால், பெரும்பாலும் சின்ன வயதுத் தொண்டை வலி. ஐந்து முதல் பதினைந்து வயதுக்குள் ஒரு கிருமியால் தொண்டை புண்ணாகி, இரண்டு மூன்று வாரம் கழித்துச் சிலருக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இன்று முட்டி, நாளை மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறும். மூட்டு சரியாகிவிடும், வால்வு வடுப்பட்டுவிடும், அதுதான் ருமாட்டிக் இதய நோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அல்லது மாதம் ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டால் திரும்ப வராமல் தடுக்கலாம். வலிக்கிற ஊசிதான். வீக்கம் போனதும் 'இனி எதுக்கு' என்று நிறுத்திவிடுவார்கள். ஊசி போட வராத பிள்ளைகளின் வீட்டுக்கே நடந்து போயிருக்கிறேன். சில வீடுகளுக்கு இன்னும் முன்னாலேயே போயிருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

நொய்யல்

அக்கா சொன்ன பிள்ளைகளில் நானும் ஒருவன். பதினோரு வயதில் முட்டி வீங்கியது, ஊசி இரண்டு வருடம் போட்டு நிறுத்திவிட்டோம். 34 வயதில் மைட்ரல் வால்வு மாற்றினார்கள். இரண்டு இதழ் உள்ள மெட்டல் வால்வு. எல்லோரும் மெட்டல் என்பார்கள், இதழ் உண்மையில் ஒருவகைக் கார்பன்.

சத்தம் பற்றிப் பேசுவதால் இதைச் சொல்கிறேன். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு என் நெஞ்சிலிருந்து 'டிக், டிக்' என்று எனக்கே கேட்கும். முதல் மாதம் தூக்கமே இல்லை. பக்கத்தில் படுத்த மனைவிக்கும் கேட்கும். மகள் சின்னவளாக இருந்தபோது காதை வைத்து எண்ணிக்கொண்டே தூங்கிவிடுவாள். இப்போது அந்தச் சத்தம் இல்லாவிட்டால்தான் எனக்குப் பயம். டாக்டர் முதல் நாளே சொன்னார்: "டிக் தெளிவாக இருக்க வேண்டும். மங்கினாலோ, கேட்காமல் போனாலோ, கூடவே மூச்சு வாங்கினாலோ, அந்த நிமிஷமே வா." வால்வில் ரத்தக்கட்டி பிடித்தால் இதழ் சரியாக ஆடாது, சத்தம் அமுங்கும். அதனால்தான் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை, ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனை. எனக்கு 2.5க்கும் 3.5க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

தஞ்சை அக்கா, அப்பாவுக்கு மாற்ற வேண்டி வந்தால் இந்த வயதில் பெரும்பாலும் விலங்குத் திசுவால் செய்த திசு வால்வுதான் வைப்பார்கள். அதில் இந்த டிக் இருக்காது.

ஓய்வு_மருத்துவர்

நொய்யல் தம்பி சொன்னதை வால்வு மாற்றிய ஒவ்வொருவரும் மனதில் வைக்க வேண்டும். நான் படிக்கும் காலத்தில் கூண்டுக்குள் பந்து வைத்த வால்வு இருந்தது, 1960இல் வந்த ஸ்டார்-எட்வர்ட்ஸ். அறையின் மறு மூலையில் நின்றாலே கேட்கும். அதன் பிறகு சாயும் தட்டு வால்வுகள் வந்தன. திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் நம்மவர்களே உருவாக்கிய சித்ரா வால்வும் அந்த வகைதான், 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். வெளிநாட்டு வால்வு வாங்க முடியாமல் திரும்பிப் போனவர்களைப் பார்த்தவன் நான். அந்தச் செய்தி வந்தபோது எங்களுக்கு எப்படி இருந்தது என்று சொல்ல வார்த்தை இல்லை.

தஞ்சை_மகள்

எல்லோருக்கும் நன்றி. எக்கோ, அப்புறம் இன்னொரு எக்கோ, எல்லாம் முடிந்து இன்றுதான் உட்கார நேரம் கிடைத்தது.

ஐயா சொன்னதுதான் நடந்திருக்கிறது. வால்வு திறக்கும் பரப்பு 0.7 சதுர செ.மீ. ஒன்றுக்குக் கீழே போனாலே கடுமை என்றார்கள். இதயம் சுருங்கும் பலம் 35 சதவீதமாக இறங்கியிருக்கிறது. அதனால் வால்வின் இரு பக்கமும் உள்ள அழுத்த வித்தியாசம் 26தான் காட்டியது. 40 இருந்தால்தான் கடுமை என்பது வழக்கமாம். உண்மையிலேயே வால்வு கெட்டதா, இல்லை இதயம் பலவீனமாகத் தள்ளுவதால் வால்வு திறக்காதது போலத் தெரிகிறதா என்று பார்க்க, டோபுடமின் மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டே எக்கோ எடுத்தார்கள். இதயம் கொஞ்சம் வேகமாகத் தள்ளத் தொடங்கியதும் அழுத்தம் 43க்கு ஏறியது, பரப்பு 0.7லேயே நின்றது. வால்வுதான் குற்றவாளி என்று உறுதியாகிவிட்டது.

அந்த டாக்டர் மிகவும் நல்லவர். மருந்து ஏறும்போது என்னைக் கூப்பிட்டு ஸ்டெத்தைக் காதில் மாட்டிவிட்டார். முதலில் ஏதோ இழுப்பது போல லேசாக இருந்தது. அப்புறம் நிமிடத்துக்கு நிமிடம் கூடியது. நான்கு வருடம் முன்பு ஊர் டாக்டர் கேட்டது இதைத்தானே என்று நினைத்துக்கொண்டேன். "டப் கேட்கிறதா பாருங்கள்" என்றார். எனக்கு லப் மட்டும்தான் கேட்டது. இதழ்கள் விறைத்துப்போய் அசையாததால் டப்பே எழும்பவில்லையாம்.

அறுவையா, தொடை வழியாகப் புது வால்வு வைக்கும் டாவி முறையா என்று இதயக் குழு கூடிப் பேசப் போகிறது. இதயம் பலவீனமாக இருப்பதால் டாவி பக்கம் சாய்கிறார்கள். அடுத்த புதன் அட்மிட் ஆகச் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அப்பாவுக்கு எடுத்துப் போக வேட்டி, துண்டை மடிக்க ஆரம்பித்தார்.

வார்டு_அக்கா

தங்கச்சி, பழைய எக்கோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே கவரில் வை. இரவு கால் வீங்குகிறதா, எத்தனை தலையணை வைத்தால் மூச்சு விட முடிகிறது என்று தினமும் குறித்துக்கொள். வார்டில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

நொய்யல்

அக்கா, அப்பாவின் பல்லைக் காட்டிவிட்டீர்களா? புது வால்வு வைப்பதற்கு முன்னால் சொத்தைப் பல், ஈறில் சீழ் இருந்தால் சரிசெய்துவிடச் சொல்வார்கள். பல்லிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இரண்டு பல் பிடுங்கிய பிறகுதான் தேதியே கொடுத்தார்கள்.

தஞ்சை_மகள்

டாக்டரும் சொன்னார் தம்பி. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. நாளை காலை பத்து மணிக்குப் பல் டாக்டரிடம் போகிறோம்.